ஓட்டை போட்டு எடுக்கேலாதோ?

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பாரிசவாதம் (பக்கவாதம்) என்று வாட்டில் போட்டிருந்தால், தோடம்பழப் பையோடு பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். “ஓட்டை போட்டு எடுக்கேலாதோ?” கேட்கிறவர் கமக்காரராக இருக்கலாம், ஓய்வுபெற்ற அதிபராக இருக்கலாம். மண்டையில் சின்னதாக ஒரு ஓட்டை, அதற்குள்ளால் ஒரு குழாய், கெட்ட இரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் ஆள் எழும்பிவிடுவார் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் நன்றாக ஊறிவிட்டது. போதாக்குறைக்கு யூடியூப் வேறு. அங்கே ஒப்பரேசன் எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிகிறது, எல்லா நோயாளியும் கடைசியில் கை அசைக்கிறார்கள். 2024 கந்தசஷ்டி நாட்களில் என் தாய்மாமாவுக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கேள்வியில் பிழை இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1961 இலிருந்து ஆய்வுக்கு மேல் ஆய்வாக நடத்திக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். வருகிற பதில்தான் எங்களுக்கு ருசிப்பதில்லை.

இந்த நம்பிக்கைக்கு எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறார். ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்பதைத் தாண்டியவர். ஒருநாள் சைக்கிளால் விழுந்து தலை மதிலில் இடிபட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு பேரப்பிள்ளையின் பெயர் மறந்தது, ஒரு கால் இழுத்தது, பகலிலும் நித்திரையாகக் கிடந்தார். பாரிசவாதம் என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினோம். ஸ்கானில் பார்த்தால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் பழைய இரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு துளை போட்டுக் கழுவி விட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டு முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஊரே வந்து பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் தலைக்குள் என்ன வந்தாலும் அதற்கு மருந்து ஓட்டைதான். ஆனால் அவருக்கு வந்தது பாரிசவாதமே இல்லை. அந்த இரத்தம் மூளைக்கு வெளியே இருந்தது, கிழமைக்கணக்கில் கிடந்து கரைந்து நீர்த்துப்போயிருந்தது. வழி விட்டதும் வடிந்துவிட்டது. மூளைக்குள் யாரும் போகவேயில்லை.

மாமாவின் கதை வேறு. எழுபதைத் தாண்டியவர், உரும்பிராயில் தோட்டம், பிறஷர் பழைய சொந்தம். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்க் குளிசை எடுப்பவர்தான். ஆனால் சஷ்டி விரதம் ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர் வாயில் வைக்க மாட்டார், இரவில் பாலும் பழமும் மட்டும். விரதத்தோடு குளிசையையும் நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் மருந்து போட்டால் வயிறு எரியும் என்பது அவருடைய கணக்கு. இது ஏதோ அவருடைய தனிப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் பிறஷர் குளிசை அலுமாரிக்குள் கிடக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். சூரன்போருக்கு முதல் நாள் விடியப்புறம் நாலு மணிக்குக் கிணற்றடியில் முழுகப் போனவர் வாளியைத் தூக்க, வலது கை பிடி விட்டுவிட்டது. வாளி சரிந்து தண்ணீர் காலடியால் ஓட, அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். மாமி போய் என்னவென்று கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. விரதக் களைப்பு என்று படுக்க வைத்தார்கள். சூடாகக் கொஞ்சம் பால் பருக்கினார்கள், அது கடைவாயால் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து கையில் தைலம் போட்டுத் தேய்த்தார். புறா இரத்தம் பூசினால் நல்லது என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல காலம், அந்த நேரத்தில் புறா கிடைக்கவில்லை. “விடியட்டும், பாப்பம்” என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு.

விடிந்து ஏழு மணிக்குத்தான் எனக்குப் போன் வந்தது. 1990 க்கு அடித்தேன், அம்புலன்ஸ் வந்தது. 2018 யூலையில் அந்த இலவச சேவை வடக்குக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒன்பது மணியளவில் சி.ரி. ஸ்கான். மூளைக்குள் இரத்தக்கசிவு, இடது பக்கம், ஆழத்தில்.

அதற்குப் பிறகு தொடங்கியது வட்ஸ்அப். மாமாவின் மூன்று பிள்ளைகளும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பிரிந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வயதானவர்கள் நோயில் விழும்போது முடிவெடுக்கிறவர்களுக்கு அங்கே நடுச்சாமம், கையெழுத்துப் போடுகிறவன் மட்டும் வாட்டு வாசலில். அந்தக் கையெழுத்துக்காரன் நான். ஸ்கான் எடுக்க முதலே பாரிஸ் மச்சாளிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது: “அண்ணா, உடன அஸ்பிரின் ஒண்டு குடுங்கோ, இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை.” கொடுக்கவில்லை, பால் வழிந்த வாயில் குளிசை எப்படிப் போகும் என்ற பயத்தில். பிறகுதான் விளங்கியது, இரத்தம் கசிந்துகொண்டிருக்கிற மூளைக்கு அஸ்பிரின் எதிரி என்பது. அடைப்பா கசிவா என்று வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வாய் கோணுவதும் கை விழுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்கான் சொன்னால்தான் உண்டு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரொறன்ரோவில் இரவு ஒன்றரை. அங்கே மச்சான் எழும்பும்வரை குடும்பத்தில் யாரும் வாய் திறக்கத் துணியவில்லை.

18 மில்லிலீற்றர்

பின்னேரம் ஆறு மணிபோல டொக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார். என்னிலும் வயது குறைந்தவர், அன்றைக்கு எத்தனை பேரிடம் இதே கதையைச் சொல்லியிருப்பாரோ, ஆனாலும் அவசரப்படவில்லை. ஸ்பீக்கரில் மச்சான் இருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைத் திட்டு. டொக்டர் மவுசால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், அதற்குக் குத்தாக இன்னொன்று, பிறகு எத்தனை துண்டுப் படங்களில் அந்த வெள்ளை தெரிகிறது என்று எண்ணினார். நாலு சென்ரிமீற்றர், மூன்று, மூன்று. “நாலு மூண்டு பன்னிரண்டு, பன்னிரண்டு மூண்டு முப்பத்தாறு. அதில பாதி. 18 மில்லி.” வீட்டுத் தேக்கரண்டியால் அளந்தால் மூன்றரைக் கரண்டிக்குக் கொஞ்சம் கூட. ஒரு மனுசனின் பாதி உடம்பை விழுத்துவதற்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

மச்சான் தயாராகத்தான் இருந்தார். அவருடைய மகன் அங்கே மருத்துவம் படிக்கிறான், இரவோடு இரவாக ஒரு கட்டுரையைத் தேடி அனுப்பியிருந்தான்.

“டொக்டர், இஞ்ச இப்ப மண்டையைத் திறக்காமல் சின்ன ஒரு ரியூப்பால எடுக்கினம். போன ஏப்ரலில பேப்பர் வந்திருக்கு, என்ரிச் எண்டு. நல்ல றிசல்ட். அப்பாவுக்கு அதை ஏன் செய்யேலாது? காசு பிரச்சினையில்லை. கொழும்புக்குக் கொண்டுபோகவும் நாங்கள் ரெடி.”

டொக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“அண்ணை, அந்தப் பேப்பரை நானும் வாசிச்சனான். நல்ல பேப்பர்தான். ஆனா ஐயாவுக்கு வந்த மாதிரிக் கசிவை அதில நடுவிலயே நிப்பாட்டிப் போட்டினம்.”

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. நானும் ஸ்கான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாள் முழுக்க எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஆயுதம் போல அந்தக் கட்டுரை கைமாறிக்கொண்டிருந்தது. லண்டன் மச்சாள் அதைத் தன் குடும்ப டொக்டருக்கும் அனுப்பி, “இன்ரறஸ்ரிங்” என்று ஒரு பதிலும் வாங்கி வைத்திருந்தார். அதை முழுக்க வாசித்த ஆள் அந்தச் சங்கிலியில் ஒருவர்தான் இருந்தார், அவர் எங்களுக்கு முன்னால் குனிந்து இருந்தார். டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் 37 நிலையங்களில் 300 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அது. கசிவு 30 இலிருந்து 80 மில்லிலீற்றருக்குள் இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். 24 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை. தொடங்கும்போது இரண்டு வகையினரும் இருந்தார்கள், மூளையின் மேற்பரப்பை அண்டிக் கசிந்தவர்களும், ஆழத்தில் கசிந்தவர்களும். போகப் போகக் கணக்குப் பார்த்துப் பலன் இல்லாத பக்கத்தை மூடுவது என்று முதலே விதி எழுதி வைத்திருந்தார்கள். 175 பேர் சேர்ந்த கட்டத்தில் பார்த்தபோது ஆழக்கசிவுக்காரரில் நம்பிக்கை தெரியவில்லை. அந்தக் கதவை மூடிவிட்டு மிச்சப் பேரை மேற்பரப்புக் கசிவிலிருந்து மட்டும் சேர்த்தார்கள். கடைசியில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 9.3 சதவீதம், மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 18 சதவீதம். ஆறு மாதத்தில் நடமாட்டமும் அந்தப் பக்கத்தில் மேல். இந்த நல்ல செய்தியைக் கொண்டுவந்தது மேற்பரப்புக் கசிவுதான்.

“ஓட்டை சின்னன்தான் அண்ணை. ஆனா அந்த ஓட்டைக்கும் இந்த இரத்தத்துக்கும் நடுவில இருக்கிறது ஐயாவின்ர நல்ல மூளை. கைக்கும் காலுக்கும் போற நார் முழுக்க இந்த ஒடுக்கத்துக்குள்ளாலதான் இறங்குது. கசிவால கொஞ்சம் போட்டுது. நான் ரியூப்பை விட்டு மிச்சத்தையும் கெடுத்துப் போட்டு, உங்களுக்கு என்ன சொல்லுறது?”

“அப்ப ஒண்டும் செய்யாமல் விடுறதோ?” என்றார் மச்சான். குரல் உடைந்திருந்தது. டொக்டர் அதற்குச் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். அதைக் கேட்கும் மனநிலையில் அன்று நாங்கள் இருக்கவில்லை.

துளை சின்னதாக இருப்பது யாருக்கு

பிறகு இரவுகளில் வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து போனில் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். சாதாரண கணக்காளன் நான், மருத்துவப் புலமை ஒன்றும் கிடையாது, ஆனால் எண்கள் விளங்கும். மூளைக்கசிவில் சத்திரசிகிச்சையின் வரலாறு முழுக்க ஒரு ஏமாற்றத்தின் வரலாறு. கசிந்த இரத்தம் இரண்டு முறை அடிக்கிறது. முதலில் இடத்தைப் பிடித்து அமுக்குகிறது. பிறகு நாட்கணக்கில் உடைந்து, அதிலிருந்து வெளிவரும் இரும்பும் மற்றதும் சுற்றியுள்ள கலங்களை அரித்து வீக்கத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே எடுத்துவிட்டால் நல்லது என்று நினைப்பதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஆனால் 2005 இல் ‘ஸ்ரிச்’ என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது, 1,033 நோயாளிகளில், நேரத்தோடு சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் 26 சதவீதமும் பொறுத்திருந்து பார்க்கப்பட்டவர்களில் 24 சதவீதமும் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். இரண்டு சதவீத வித்தியாசத்தை வித்தியாசம் என்று எந்தக் கணக்காளனும் எழுத மாட்டான். பெரும்பாலும் மண்டையோட்டைப் பெரிதாகத் திறந்து, மூளையைப் பிரித்துக்கொண்டு போன காலம் அது. போகிற வழியில் ஏற்பட்ட சேதம், எடுத்ததால் வந்த லாபத்தைத் தின்றுவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

சின்ன ஓட்டை என்ற யோசனைக்கு வலு வந்தது இங்கேதான். வெளியில் தழும்பு தெரியாமல் இருப்பதற்காக அல்ல. தோலில் எவ்வளவு பெரிய வெட்டு விழுந்தாலும் அது ஆறிவிடும், மூளைக்குள் போகிற பாதைதான் ஒடுங்க வேண்டும். 2019 இல் வந்த ‘மிஸ்ரி 3’ ஆய்வில் 506 பேர். ஸ்கானைப் பார்த்துக் குறி வைத்து, ஒரு சின்னத் துளையால் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இரத்தக்கட்டிக்குள் விட்டு, கட்டியைக் கரைக்கிற மருந்தை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம் வீதம் செலுத்தி, கரைந்ததை வடிய விட்டார்கள். ஒரு வருடத்தில் பார்த்தால் ஓரளவு நடமாடக்கூடியவர்கள் 45 சதவீதம், மற்றப் பக்கத்தில் 41. இறப்புக் குறைந்தது, நடமாட்டத்தில் நிச்சயமான வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு வரி என்னை நிறுத்தியது. யாருக்கு மிச்ச இரத்தம் 15 மில்லிலீற்றருக்கோ அதற்குக் கீழோ இறங்கியதோ, அவர்கள் நன்றாக வந்திருந்தார்கள். அந்த ஆய்வில் 30 மில்லிக்குக் குறைந்த கசிவை எடுக்கவே இல்லை. மாமாவின் கசிவு முழுவதுமே 18. சிறந்த நிபுணர்கள் நாட்கணக்காகப் பாடுபட்டுக் கொண்டுவரப் பார்த்த அளவை விட மூன்று மில்லிதான் கூட. அவருடைய தலைக்குள் துளை போட்டுப் போய் எதை எடுத்துவிட முடியும்? அந்த வரியை வாசித்த இரவுதான் எனக்கு டொக்டருடைய முடிவில் முழு நிம்மதி வந்தது. மச்சானுக்கு அதை அனுப்பினேன். நீல ரிக் விழுந்தது, பதில் வரவில்லை.

என்ரிச்சில் பாவித்தது வேறு கருவி. பதின்மூன்றரை மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு குழாய். மூளையின் மடிப்புகளுக்கு இடையே இயற்கையாக இருக்கிற பிளவால் அதை இறக்கி, நார்கள் ஓடுகிற திசையிலேயே, அவற்றைக் குறுக்கே வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள். படித்துப் பார்த்தால் மிக அழகான யோசனை. மேற்பரப்புக் கசிவுக்கு அந்தப் பாதை குறுகியது. ஆழத்துக்குப் போகப் போக நியாயம் மாறுகிறது. எல்லா ஆழக்கசிவையும் கைவிடுகிறார்கள் என்றும் எழுதிவிடக் கூடாது. சிறுமூளையில் பெரிதாகக் கசிந்து மூளைத்தண்டை அமுக்கினால் அவசரமாகத் திறந்து எடுப்பது உயிரைக் காப்பாற்றும். இரத்தம் மூளையின் நீரறைகளுக்குள் புகுந்து வழி அடைத்தால் குழாய் வைத்து வடிப்பார்கள். வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அப்படித்தான் குழாய் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமியின் தங்கச்சி என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

தொடையில் ஒரு துளை

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறொரு இடத்தில். சின்னத் துளை பாரிசவாதத்தின் தலைவிதியையே மாற்றிப்போட்ட ஒரு பகுதி இருக்கிறது, அதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. பாரிசவாதத்தில் பெரும்பங்கு கசிவு இல்லை, அடைப்பு. பத்துப் பேருக்கு வந்தால் ஆறேழு பேருக்காவது இரத்தக்குழாய் அடைத்துத்தான் வருகிறது. அதில் மூளைக்குப் போகும் பெரிய நாடி ஒன்றில் இரத்தக்கட்டி போய் நின்றுவிட்டால், தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சின்னத் துளை போட்டு, மெல்லிய கதீற்றரை நாடி வழியாகவே நெஞ்சைக் கடந்து கழுத்தால் ஏற்றி, மூளைக்குள் அடைத்திருக்கிற கட்டியை வலை போன்ற கம்பிக் கருவியால் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். மண்டையோட்டில் கீறல் கூட இல்லை. நெதர்லாந்தில் 500 பேரை வைத்து நடந்த ‘எம்.ஆர். கிளீன்’ ஆய்வு 2015 இல் வந்தபோது, மூன்று மாதத்தில் தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 32.6 சதவீதம், பெறாதவர்களில் 19.1. அந்த வருடமே இன்னும் நாலு ஆய்வு அதே திசையில் வந்து விவாதத்தை முடித்துவைத்தன. கசிவுப் பக்கத்தில் அறுபது வருடமாக இழுபட்டது, அடைப்புப் பக்கத்தில் ஒரு வருடத்தில் தீர்ந்தது.

ஆனால் அந்தத் துளை நேரத்தில் தொங்குகிறது. பெரிய நாடி அடைத்தால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம். கதீற்றருக்கு வழமையாக ஆறு மணித்தியாலம், ஸ்கானில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சமிருப்பதாகத் தெரிந்தால் சிலருக்கு 24 வரை நீட்டலாம் என்று 2018 இல் வந்தது. வாசலில் டொக்டர்மார் முதலில் கேட்கிற கேள்வியும் இதுதான்: கடைசியாக எத்தனை மணிக்கு ஆளைச் சுகமாகக் கண்டீர்கள்? விழுந்ததைக் கண்ட நேரம் அல்ல, சுகமாகக் கண்ட நேரம். இரவு ஒன்பதுக்குப் படுத்தவர் காலையில் வாய் கோணி எழும்பினால் மணிக்கூடு ஒன்பதிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

இதை யாழ்ப்பாணத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நெடுந்தீவில் ஒருவருக்கு இரவில் கை விழுந்தால், கடற்படையின் படகோ வேறு படகோ கிடைத்துக் குறிகட்டுவானுக்கு வர வேண்டும், பயணிகள் படகுக்கு அது ஒரு மணித்தியாலத்துக் கடல். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பட்டினத்துக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். அதற்குப் பிறகு கொழும்புதான் என்றால் ஏ9 தெருவில் தொடங்கி இன்னும் 400 கிலோமீற்றரளவு. கடலையும் தெருவையும் நான் சுருக்க முடியாது. ஆனால் உரும்பிராய்க்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் கடல் இல்லை. அங்கே மூன்று மணித்தியாலத்தைக் குடித்தது “விடியட்டும்” மட்டும்தான். மாமாவுக்கு வந்தது அடைப்பாக இருந்திருந்தால், நாலு மணிக்கு விழுந்த கைக்கு எட்டரையோடு ஊசியின் நேரம் முடிந்திருக்கும். ஒன்பது மணிக்கு ஸ்கான் எடுக்கும்போது அந்த வாசல் ஏற்கெனவே பூட்டு. காசு பிரச்சினையில்லை என்று ரொறன்ரோவிலிருந்து சொல்வது பதினாலாவது மணித்தியாலத்தில் எதையும் திறக்காது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்புகிற காசும் கட்டுரைகளும் பிறகு வேண்டியதுதான், முதலில் வேண்டியது பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் 1990 க்கு அடிப்பது. கோவில் ஒலிபெருக்கியில் காணாமல்போன சங்கிலியையும் வாகனத் தரிப்பிடத்தையும் அறிவிக்கிறோம், வாய் கோணினால் கை தூக்க முடியாவிட்டால் கதை குழறினால் உடனே அம்புலன்ஸ் என்று திருவிழா நாட்களில் நாலு வரி சொன்னால் என்ன குறைந்துபோகும்?

டொக்டர் சொன்ன பதில்

அப்ப ஒன்றும் செய்யாமல் விடுவதா என்று மச்சான் கேட்டார் அல்லவா. டொக்டர் சொன்னது: “ஒண்டும் செய்யாமல் விடேல்லை அண்ணை. ஐயா வந்தது 210 பிறஷரோட. இப்ப 138. அதுதான் நாங்கள் செய்யிற பெரிய வேலை.” எங்களுக்கு அது ஏதோ ஆறுதல் வார்த்தை மாதிரிக் கேட்டது. பிறஷர் பார்ப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்றுதான் லண்டனிலும் கேட்டார்கள்.

2023 இல் வந்த ‘இன்ரறக்ற் 3’ என்ற ஆய்வை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். பத்து நாடுகள், 7,036 கசிவு நோயாளிகள். அந்தப் பத்தில் இலங்கையும் ஒன்று. அவர்கள் சோதித்தது ஒரு கருவியையும் அல்ல. மேல் பிறஷரை ஒரு மணித்தியாலத்துக்குள் 140 க்குக் கீழே கொண்டுவருவது, சீனியைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சல் ஏறாமல் பார்ப்பது, இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுப்பவர்களுக்கு அதை உடனே முறிப்பது, இந்த நாலையும் சேர்த்து ஒரே கட்டாக, விட்டுவிடாமல் செய்வது. அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மோசமான நிலைக்குப் போகும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது. சத்திரசிகிச்சை ஆய்வுகள் எத்தனையோ திணறிய இடத்தில், கத்தியே இல்லாமல், எங்கள் நாட்டு வாட்டுகளும் சேர்ந்து இதைக் காட்டியிருக்கின்றன.

எனக்கு அது வாட்டில் கண்ணுக்கு முன்னால் நடந்தது. ஊசி மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிற சின்ன மெஷின், அதன் பச்சை எண் மாறிக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டி தானாக ஊதி மாமாவின் இடது கையை இறுக்கும், அவர் முகம் சுளிப்பார். விரலில் குத்திச் சீனி பார்ப்பார்கள். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்குகிறாரா இருமுகிறாரா என்று நேர்ஸ் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். இருமினார். “வாயால ஒண்டும் குடுக்கப்படாது அம்மா, நுரையீரலுக்குள்ள போயிடும்” என்று மாமிக்கு இரண்டு முறை சொன்னார். மாமி தலையாட்டினார். சூரன்போர் முடிந்து பாறணை நாளன்று, விரதமிருந்த மனுசன் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாரே என்று சீலைத் தலைப்புக்குள் சின்னப் போத்தலில் பாலைக் கொண்டுவந்திருந்தார். நேர்ஸ் அதைக் கண்டு, சத்தம் போடாமல் வாங்கி, மூக்குக்குழாயைக் காட்டி, “இதால குடுப்பம் அம்மா, இதுவும் பாறணைதான்” என்றார். மாமி அழுதுகொண்டே சிரித்தார். ஓட்டை பற்றிய பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மாமா இப்போது பொல்லு ஊன்றித் தோட்டம் வரை போகிறார். பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. வலது கை மூடினபடி இருக்கிறது, பிசியோ சொல்லிக்கொடுத்தபடி இடது கையால் விரல் விரலாக விரித்துவிடுகிறார். கிளினிக் டொக்டர் விரதத்துக்குத் தடை சொல்லவில்லை, குளிசையை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கச் சொன்னார். முருகனுக்கு அதில் ஆட்சேபணை இருக்காது என்று கோவில் ஐயாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மச்சானுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. போன கிழமையும் ஃபோனில் அதே கதை. அவருடைய மகன் இடையில் வாங்கிப் பேசினான். “மாமா, நெதர்லாந்தில இன்னொரு ரயல் நடக்குது. எண்டோஸ்கோப்பால, எட்டு மணித்தியாலத்துக்குள்ள, ஆழக்கசிவையும் சேர்த்து. பத்து மில்லியில இருந்தே எடுக்கினம்” என்றான். பெடியன் இந்த முறை கட்டுரையைக் கடைசி வரி வரை வாசித்திருக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. ஆழக்கசிவுக்கும் பலன் இருக்கிறது என்று அவர்கள் காட்டினால் நானும் மனதை மாற்றிக்கொள்வேன், எனக்கு டொக்டரோடு ஒரு ஒப்பந்தமும் இல்லை. முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்றான். அனுப்பட்டும். நான் டொக்டருக்கும் அனுப்பிவைப்பேன், அவர் அதற்கு முதலே வாசித்திருப்பார்.